டியூப் மானிட்டரின் நியாயம்

2000-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கணினிக் கடைகளில் இரண்டு வகைத் திரைகள் அருகருகே இருந்தன. ஒன்று, பின்பக்கம் புடைத்த கண்ணாடிக் குழாயைக் கொண்ட சி.ஆர்.டி. மானிட்டர். மற்றது, தட்டையான எல்.சி.டி. விலை குறைவு என்பதற்காகப் பழையதை வாங்கியவர்கள் பலர். ஆனால் புதியதை வாங்க வசதி இருந்தும், மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும் பழையதையே கேட்டு வாங்கிய கூட்டமும் ஒன்று இருந்தது. வேகமான விளையாட்டுகளை ஆடுபவர்கள், அச்சுக்குப் போகும் படங்களின் வண்ணத்தைத் திருத்துபவர்கள், மனிதப் பார்வையை ஆராயும் ஆய்வுக்கூடத்தினர் ஆகியோர் அதில் அடக்கம். பழமைப் பிடிப்பு என்று அவர்களை ஒதுக்கிவிட முடியாது. அவர்களுடைய தேர்வுக்கு அடியில் தெளிவான இயற்பியல் வேறுபாடு ஒன்று இருந்தது. குழாய், படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கணநேரம் ஒளிரவிட்டு அணைத்துவிடுகிறது. தட்டைத் திரை அடுத்த படம் வரும்வரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

கதிர்க்குழாயின் வரலாறு கணினிக்கு வெகுமுன்பே தொடங்குகிறது. 1897-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன், மின்னோட்டத்தின் அலைவடிவைக் கண்ணால் பார்ப்பதற்கென்று இந்தக் கருவியைச் செய்தார். குழாய்க்குள் பாயும் கதிர் என்பது அணுவைவிடச் சிறிய துகள்களின் ஓட்டம் என்று ஜே. ஜே. தாம்சன் கேம்பிரிட்ஜில் நிறுவியதும் அதே ஆண்டில்தான். பிரவுனுக்கு 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது மார்க்கோனியோடு பகிர்ந்துகொண்ட கம்பியில்லாத் தந்திப் பணிக்காக. உலகின் வீடுகளையெல்லாம் பின்னர் நிறைத்த குழாய் அந்தப் பரிசில் இடம்பெறவில்லை.

குழாயின் கழுத்தில் எலக்ட்ரான் துப்பாக்கி இருக்கிறது. சூடான கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை சுமார் 25,000 வோல்ட் மின்னழுத்தம் திரையை நோக்கி இழுக்கிறது. அந்த அழுத்தத்தில் எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 30 சதவீதம். வழியில், கழுத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருள்கள் காந்தப்புலத்தால் கற்றையை இடம் வலமாகவும் மேலிருந்து கீழாகவும் வளைக்கின்றன. மெக்கானிக்குகள் இந்தச் சுருளை யோக் என்பார்கள். கண்ணாடியின் உட்புறத்தில் பாஸ்பர் என்னும் ஒளிர்பொருள் பூசப்பட்டிருக்கும். கற்றை படும் இடம் ஒளிரும். கற்றை நகர்ந்ததும் மங்கத் தொடங்கும். 1024×768 அளவுள்ள படத்தை நொடிக்கு 85 முறை வரைய, கற்றை ஒவ்வொரு நொடியும் 68,000-க்கும் அதிகமான கோடுகளை இழுக்க வேண்டும்.

வண்ணத்துக்கு மூன்று கற்றைகள் தேவை. சிவப்புக்கான கற்றை சிவப்புப் பாஸ்பரில் மட்டும் விழும்படி, திரைக்குச் சற்றுப் பின்னால் நுண்துளைகள் கொண்ட உலோகத் தகடு வைக்கப்பட்டது. கற்றையின் பெரும்பகுதியை இத்தகடு விழுங்கிவிடும் என்பதால் படத்தின் பிரகாசம் குறைந்தது. சோனி நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த டிரினிட்ரான், துளைகளுக்குப் பதிலாகச் செங்குத்தாக இழுத்துக் கட்டிய கம்பிகளைப் பயன்படுத்தியது. அதனால் அதிக எலக்ட்ரான்கள் திரையை எட்டின, படம் பளிச்சென்றது. கம்பிகள் அதிராமல் பிடிக்கக் குறுக்கே ஓடிய மெல்லிய கம்பியின் நிழல், வெள்ளைப் பின்னணியில் மயிரிழைபோல் தெரியும். மானிட்டர் பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

திரவப் படிகத்தின் கதையும் பழையதே. 1888-இல் பிராகில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் தாவரவியலாளர், திடமும் திரவமும் அல்லாத இடைநிலை ஒன்று சில பொருள்களுக்கு உண்டு என்று கண்டார். 1970-ஐ ஒட்டி சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் முறுக்கிய அமைப்புள்ள திரவப் படிகத்தை மின்புலத்தால் நிமிர்த்தும் முறையை உருவாக்கினர். எல்.சி.டி. தானாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. முன்னால் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் அந்த ஒளியை எவ்வளவு விடுவது, எவ்வளவு தடுப்பது என்று தீர்மானிக்கும் சிறு கதவு. கதவைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர், அடுத்த கட்டளை வரும்வரை கதவை அதே நிலையில் நிறுத்தி வைக்கும்.

இந்த நிறுத்தி வைத்தல்தான் விவகாரத்தின் மையம். அசையாத படத்துக்கு இது நன்மை. அசையும் படத்துக்குக் கேடு. திரையில் ஒரு பொருள் இடமிருந்து வலமாக ஓடும்போது மனிதக் கண் அதைச் சீராகப் பின்தொடர்கிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் எல்.சி.டி.யில் அந்தப் பொருள் சுமார் 16.7 மில்லிநொடி ஒரே இடத்தில் நின்று, பிறகு அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. கண்ணோ நிற்பதில்லை. கண் நகர்ந்துகொண்டிருக்க, படம் நின்றுகொண்டிருப்பதால் விழித்திரையில் அது இழுபடுகிறது. பொருள் நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடினால், இழுபடும் அகலம் 16 பிக்சல். ஓடும் எழுத்தைப் படிக்க முடியாமல் போக இது போதும்.

விளம்பரங்கள் இதை மறைத்தன என்று சொல்லலாம். தட்டைத் திரையின் மங்கலுக்குப் படிகம் மெதுவாகத் திரும்புவதே காரணம் என்று கொண்டு, 25 மில்லிநொடி, 16, 8 என்று குறைந்துகொண்டே வந்த எண்களை நிறுவனங்கள் பெட்டியின்மீது பெரிதாக அச்சிட்டன. படிகத்தின் மந்தம் உண்மையான குறைதான். அது நீங்க நீங்கப் படமும் தெளிந்தது. ஆனால் படிகம் கண்ணிமைக்கும் முன்னே திரும்பினாலும் 60 ஹெர்ட்ஸில் மேற்சொன்ன 16 பிக்சல் இழுபடல் அப்படியே இருக்கும். அது படிகத்தின் வேகத்தால் வருவதல்ல. படம் நின்றுகொண்டிருப்பதால் வருவது.

குழாயில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. பாஸ்பரின் ஒளியில் பெரும்பகுதி ஒரு மில்லிநொடிக்குள் மங்கிவிடுகிறது. கண்ணுக்கு முழுப்படமாகத் தெரிவது, அதிவேகக் கேமராவில் மேலிருந்து கீழாக இறங்கும் மெல்லிய ஒளிப்பட்டையாகத்தான் பதிவாகும். திரையின் மீதிப்பகுதி இருட்டு. ஒரு பொருள் ஓர் இடத்தில் கணநேரம் மின்னி அணைந்து, அடுத்து கண் போய்ச்சேர்ந்திருக்கும் இடத்திலேயே மீண்டும் மின்னுகிறது. அதே 960 பிக்சல் வேகத்தில் இழுபடல் ஒரு பிக்சல் அளவுக்குள் அடங்கிவிடும்.

இதே குணம்தான் குழாயின் மிகப் பெரிய தொல்லைக்கும் வேர். அணைந்து அணைந்து எரியும் ஒளி, போதிய வேகம் இல்லாவிட்டால் துடிப்பாகத் தெரியும். 60 ஹெர்ட்ஸில் வெள்ளைப் பின்னணி துடிப்பதைப் பலரால் உணர முடியும். கடைக்கண்ணுக்கு அது இன்னும் எளிதில் புலப்படும். 75-க்கு ஏற்றினால் பெரும்பாலோருக்கு மறையும். 85-இல் ஏறக்குறைய எல்லோருக்கும் மறையும். மானிட்டரால் 85 ஹெர்ட்ஸில் இயங்க முடிந்தபோதும் விண்டோஸ் பல நேரங்களில் 60-லேயே நின்றது. அமைப்புகளுக்குள் புகுந்து மாற்றியவர்கள் குறைவு. டியூப் மானிட்டர் கண்ணைக் கெடுக்கிறது என்ற புகாரில் கணிசமான பகுதி, யாரும் மாற்றாமல் விட்ட இந்த ஓர் எண்ணின் பழி. அலுவலகங்களில் திரைக்கு முன்னால் மாட்டிவைத்த கறுப்புக் கண்ணாடி வடிகட்டி அறை விளக்கின் பிரதிபலிப்பைக் குறைத்தது, துடிப்பை நிறுத்தவில்லை.

குழாயின் அடுத்த பலம், அதற்கென்று நிலையான பிக்சல் கட்டம் இல்லாதது. 640×480 கேட்டால் கற்றை தடித்த சில கோடுகளை வரையும். 1600×1200 கேட்டால் நெருக்கமான பல கோடுகளை வரையும். இரண்டும் இயல்பாகவே இருக்கும். எல்.சி.டி.க்குப் பிறப்பிலேயே ஓர் அளவு உண்டு. அந்தக் கால 17 அங்குல எல்.சி.டி.யின் அளவு பெரும்பாலும் 1280×1024. அதில் 1024×768 படத்தைத் திரை நிறையக் காட்டச் சொன்னால், அகலத்தில் 1.25 மடங்கும் உயரத்தில் 1.33 மடங்கும் இழுத்தாக வேண்டும். ஒரு பிக்சலை ஒன்றேகால் பிக்சலில் வைக்க வழியில்லை. எனவே எழுத்தோரங்கள் குழைந்து, வட்டங்கள் லேசாக நெட்டையாகும். கிராபிக்ஸ் கார்டு திணறும்போது அளவைக் குறைத்து விளையாட்டின் வேகத்தைக் கூட்டிக்கொள்வது வழக்கம். குழாய் வைத்திருந்தவர்கள் அதைத் தயக்கமின்றிச் செய்தார்கள். க்வேக் விளையாட்டு உருவாகிக்கொண்டிருந்த 1995-இலேயே அதன் நிரலாளர் ஜான் கார்மாக் 1920×1080 புள்ளிகளைக் காட்டும் 28 அங்குலக் குழாய் மானிட்டரில் வேலை செய்தார். தட்டைத் திரைகள் அந்த அளவைச் சாதாரண மேசைக்குக் கொண்டுவரப் பத்தாண்டுக்கும் மேல் ஆயிற்று.

கறுப்பு விஷயத்தில் தீர்ப்பு இவ்வளவு எளிதல்ல. கற்றையை நிறுத்தினால் குழாயில் ஒளி இல்லை, எல்.சி.டி.யிலோ பின்விளக்கு எரிந்துகொண்டேயிருக்க, மூடிய கதவுகளின் வழியே கொஞ்சம் கசியும். 2000-களின் தொடக்கத்தில் நல்ல எல்.சி.டி.யின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட விகிதம் 300 அல்லது 500-க்கு 1 என்ற அளவில்தான் இருந்தது. இருட்டறையில் அதன் கறுப்பு சாம்பலாகத் தெரியும். மலிவான தகடுகள் ஒரு வண்ணத்துக்கு 64 படிநிலைகளை மட்டுமே காட்டி, இடைப்பட்டவற்றை மாறி மாறி மினுக்கிச் சமாளித்தன. தலையைச் சற்றுத் தாழ்த்தினால் நிறம் மாறும். வண்ணத் திருத்தக்காரர்கள் தட்டைத் திரையைத் தள்ளி வைத்ததற்கு இவையே காரணம். ஆனால் பகல் வெளிச்சம் நிறைந்த அறையில் குழாயின் மேன்மை கரைந்துவிடும். பாஸ்பர் பூச்சு வெளிர்நிறம். அறை வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும். தடித்த கண்ணாடிக்குள் ஒளி சிதறுவதால், வெள்ளைச் சதுரத்தை ஒட்டிய கறுப்பும் சற்று வெளுக்கும்.

குழாய்க்கு வரும் படச் சமிக்ஞையின் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஒளி இரட்டிப்பாவதில்லை. நான்கு மடங்குக்கும் மேல் உயரும். இந்த வளைவைக் கருத்தில் கொண்டே 1990-களில் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் வண்ணத் தரத்தை முன்வைத்தன. 1999-இல் அது சர்வதேசத் தரமாயிற்று. திரவப் படிகத்தின் இயல்பான வளைவு முற்றிலும் வேறு வடிவம். ஆகவே எல்.சி.டி.க்குள் இருக்கும் மின்சுற்று, உள்ளே வரும் எண்களைத் திருத்தி, குழாய் எப்படி ஒளிர்ந்திருக்குமோ அப்படி ஒளிர வைக்கிறது. கைப்பேசித் திரைகள்கூட இன்றுவரை இதைத்தான் செய்கின்றன.

இனி மறுபக்கம். குழாய்க்குள் வெற்றிடம்; வெளியே வளிமண்டலம். 17 அங்குல மானிட்டரின் முகப்புக் கண்ணாடியை மட்டும் அழுத்தும் விசை முக்கால் டன் எடையைவிட அதிகம். அதைத் தாங்கக் கண்ணாடி தடிக்க வேண்டும், தடித்தால் கனக்கும். கற்றையை வளைக்கும் கோணத்துக்கும் எல்லை உண்டு என்பதால் திரை பெரிதாகப் பெரிதாகக் குழாயும் நீள வேண்டும். சோனியின் புகழ்பெற்ற ஜி.டி.எம்.-எஃப்.டபிள்யூ.900 என்ற 24 அங்குல அகலத்திரை 2304×1440 புள்ளிகளை 80 ஹெர்ட்ஸில் காட்டியது. அதன் எடை ஏறத்தாழ 42 கிலோ. கணினி மானிட்டர் குழாய்களின் உச்சம் என்று அதைச் சொல்வது மிகையல்ல. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வேகமான எலக்ட்ரான் கண்ணாடியில் மோதி நின்றால் எக்ஸ் கதிர் பிறக்கும். 1967-இல் அமெரிக்காவில் சில வண்ணத் தொலைக்காட்சிகள் அளவுக்கு மீறி எக்ஸ் கதிரைக் கசியவிட்டது தெரிய வந்து, அடுத்த ஆண்டே அங்கு தனிச் சட்டம் வந்தது. அதன்பின் வந்த மானிட்டர்களில் இந்த அச்சத்துக்கு இடமில்லை. கதிரை விழுங்கும்படி குழாயின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடு சேர்க்கப்பட்டது. முகப்பில் பேரியம், ஸ்ட்ரான்சியம் சேர்மங்கள். பயன்படுத்துபவரைக் காத்த ஈயமே குப்பையான பின் சிக்கலானது. பழைய குழாயின் கண்ணாடியை உருக்கிப் புதுக் குழாய் செய்யும் வரை அதற்கு விலை இருந்தது; புதுக் குழாய்க்குத் தேவை நின்றதும் கண்ணாடி குவிந்தது. 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு தமிழ்நாட்டில் வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் மட்டுமே ஒரு கோடிக்கு மேல். அவையும் இதே ஈயக் கண்ணாடிதான்.

எழுத்து வேலைக்குக் குழாய் தோற்றது. கற்றை திரையின் நடுவில் கூர்மையாக விழும். ஓரங்களுக்குச் சாய்ந்து செல்லும்போது நீண்டு பரவும். மூன்று வண்ணக் கற்றைகளும் மூலைகளில் ஒரே புள்ளியில் சேராமல் போனால் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக விளிம்பு தோன்றும். சுழிகளும் கொக்கிகளும் நிறைந்த தமிழெழுத்தைச் சிறிய அளவில் மலிவான குழாயில் படித்தால் ணகரமும் னகரமும் ஒன்றோடொன்று குழம்பும். எல்.சி.டி.யில் ஒவ்வொரு பிக்சலும் அதனதன் இடத்தில் இருப்பதால் மூலையும் நடுவும் ஒன்றே. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு வந்த கிளியர்டைப், பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தை மேலும் செதுக்கியது. நிலையான கட்டம் இல்லாத குழாயில் அந்த உத்தி எடுபடவில்லை.

மின்செலவும் எல்.சி.டி. பக்கமே. 17 அங்குலக் குழாய் 80 முதல் 100 வாட் வரை இழுக்க, அதே அளவு எல்.சி.டி. அதில் பாதிக்கும் குறைவாகவே எடுத்தது. மின்வெட்டு நேரத்தில் ஒரே யு.பி.எஸ். கூடுதல் நேரம் தாங்கும் என்பது தமிழ்நாட்டில் சிறிய விஷயமல்ல. காந்தம் இன்னொரு தலைவலி. பக்கத்தில் வைத்த ஸ்பீக்கர் நிறத்தைக் கெடுக்கும். பூமியின் காந்தப்புலமே கற்றையைச் சற்று விலக்குவதால், வட, தென் அரைக்கோளங்களுக்குத் தனித்தனியே சரிசெய்த மானிட்டர்கள் விற்கப்பட்டன. மானிட்டரைப் போட்டதும் எழும் அந்தத் ‘தும்’ என்ற ஓசை, உள்ளே இருக்கும் சுருள் உலோகத் தகட்டில் படிந்த காந்தத்தை நீக்குவதால் வருவது.

இத்தனையும் சேர்ந்து 2000-களின் நடுப்பகுதியிலேயே கணினிச் சந்தையைத் தட்டைத் திரையிடம் ஒப்படைத்தன. ஆப்பிள் நிறுவனம் 2001-இல் தன் தனி மானிட்டர்களை எல்லாம் எல்.சி.டி.யாக்கிவிட்டு, மறு ஆண்டே பள்ளிகளுக்கென்று 17 அங்குலக் குழாயோடு ஈமேக் என்ற கணினியை வெளியிட்டது வேடிக்கை. விலை கட்டுப்படியாக வேறு வழியில்லை. சோனி 2008-இல் டிரினிட்ரான் உற்பத்தியை நிறுத்தியது.

அதற்குப் பிறகும் குழாயைத் தேடுவோர் இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பான்மையினர் பழைய விளையாட்டுகளை ஆடுபவர்கள். 2001-இல் கேம்கியூப் என்னும் விளையாட்டுக் கருவிக்கு வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ போட்டிகளில் இன்றும் குழாய்த் தொலைக்காட்சிகளை வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். கேம்கியூபின் அனலாக் சமிக்ஞையைத் தட்டைத் தொலைக்காட்சி வாங்கி, எண்ணாக்கி, பெரிதாக்கிக் காட்டுவதற்குள் சில படங்கள் கடந்துவிடும். குழாய்க்கு அந்த இடைநிலையே கிடையாது. சமிக்ஞை வந்த கணத்திலேயே கற்றை அதை வரைகிறது. நின்டெண்டோவின் டக் ஹன்ட் என்னும் வாத்து வேட்டை விளையாட்டின் துப்பாக்கி தட்டைத் திரையில் சுடாததும் இதனால்தான். விசையை அழுத்தியதும் திரை இருண்டு, வாத்து இருக்குமிடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மின்னும். அந்த மின்னல் உரிய கணத்தில் துப்பாக்கியின் ஒளி உணர்விக்கு எட்டாவிட்டால் குறி தவறியதாகவே விளையாட்டு கணக்கிடும்.

இன்று குழாய் வாங்குபவர் சில விஷயங்களைத் தெரிந்திருக்க வேண்டும். கேத்தோடு தேய்ந்த குழாயில் படம் மங்கும், வெள்ளை கலங்கும். ‘டியூப் வீக்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். புதுக் குழாய் மாற்ற வழியில்லை. உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதே மாடலின் இன்னொரு மானிட்டரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் குழாயில் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். பழக்கமில்லாதவர் மூடியைத் திறப்பது உயிருக்கு ஆபத்து. ஒரே படத்தை மாதக்கணக்கில் காட்டிய திரையில் அதன் தழும்பு நிரந்தரமாகப் பதிந்திருக்கும் என்பதால், அணைத்த நிலையிலும் வெள்ளைத் திரையிலும் பார்த்து வாங்குவது நல்லது.

தட்டைத் திரைகள் குழாயின் அசைவுத் தெளிவை எட்ட இரண்டு வழிகளில் முயல்கின்றன. ஒன்று, ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் பின்விளக்கை அணைத்துக் குழாயைப்போலவே துடிக்கவிடுவது. அப்போது பிரகாசம் குறைகிறது, துடிப்பும் திரும்பி வருகிறது. மற்றது, புதுப்பிப்பு வீதத்தைக் கூட்டிப் படம் நிற்கும் நேரத்தைச் சுருக்குவது. ஓ.எல்.இ.டி. திரைகளில் பிக்சல்கள் தாமே ஒளிர்வதால் கறுப்பில் அவை குழாயை மிஞ்சிவிட்டன. 480 ஹெர்ட்ஸ் ஓ.எல்.இ.டி.யில் ஒரு படம் நிற்கும் நேரம் சுமார் 2 மில்லிநொடி. குழாயின் ஒரு மில்லிநொடியைத் தொட 1000 ஹெர்ட்ஸும், நொடிக்கு 1000 படங்களைத் தயாரிக்கும் கணினியும் வேண்டும். நொடிக்கு 60 படம் என்று எழுதப்பட்ட பழைய விளையாட்டு அந்த 1000 படங்களைத் தருவதில்லை. அதற்கு வேகமான திரை மட்டும் போதாது, துடிக்கும் திரை வேண்டும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் அலுவலக வேலைக்கும் டியூப் மானிட்டரைத் தேடுவதில் பொருளில்லை. 60 ஹெர்ட்ஸ் காலத்து விளையாட்டுகளை, அவை எழுதப்பட்ட திரையிலேயே ஆட விரும்புபவருக்கு, நல்ல நிலையில் கிடைக்கும் குழாய் இன்னும் சரியான தேர்வுதான்.